கம்பிக்குக் காரணம் கேட்டார்கள்

1

இந்த நாட்டுக் குடியுரிமைக்கான படிவத்தை இரண்டாவது முறையாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். பெயர், பிறந்த ஊர், தகப்பனார் பெயர், வந்து இறங்கிய நாள் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். நாலாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. காவல்துறையினர் எப்போதாவது உங்களைப் பிடித்து விசாரித்ததுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்றால் காரணம் எழுத இரண்டே இரண்டு கோடுகள்.

போன வருடம் இதே மழை நாட்களில் முதல் முறை நிரப்பியபோது யோசிக்காமல் ‘இல்லை’ போட்டேன். அன்றைக்கு அது உண்மை. படிவத்தைக் கொடுத்த மூன்றாவது வாரம் அது பொய்யாகிவிட்டது. அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்காததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறைக்காரரின் மகள். கேமரன் மலையில் ஒரு தேயிலை ஆலையில் பிட்டராக இருக்கும் மனிதரைக் கட்டிக்கொண்டு இந்த மலை ஏறி இருபத்துமூன்று வருடங்கள் ஆகின்றன. காலையில் தோட்டத்துப் பாலர் பள்ளியில் உதவியாளர் வேலை. என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை; நிரந்தரமாகத் தங்கலாம், ஆனால் குடிமகள் இல்லை. குடிமக்களுக்கு நீல அட்டை. என் வீட்டுக்காரருக்கும் மகள் யாழினிக்கும் நீலம். சின்னவளாக இருந்தபோது யாழினி, அம்மா அட்டை மட்டும் ஏன் வேறு கலர் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஈப்போவில் காலேஜ் சேர்ந்தபிறகு அவள் அதையெல்லாம் கேட்பதில்லை. அப்பாவிடம் மலாய், தோழிகளிடம் ஆங்கிலம், சாப்பாடு வேண்டுமென்றால் என்னிடம் தமிழ்.

ஊரிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, குளிர்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். சரிவுக்குப் பின்னால் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. அந்தக் கதவுகளில் தொங்கும் பூட்டுகளை நின்று பார்க்கிற ஆள் அநேகமாக நான் ஒருத்திதான். பிறந்த வீட்டுப் பழக்கம், போகாது.

2

கல்யாணத்துக்கு அப்பா போட்ட நகையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் தந்ததில் உருப்படியானது இரண்டு கம்பிகள். ஒன்று நுனி வளைந்தது, இன்னொன்று தட்டையானது. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் போட்டுக் கொடுத்தார். சாவி தொலைந்த பூட்டைச் சேதமில்லாமல் திறக்க இந்த இரண்டும் போதும். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகளுக்கும் அது கை வந்த வேலை. மாவு பிசைவதை யாராவது பெரிய வித்தை என்று சொல்வார்களா? அப்படித்தான் இதுவும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சாவி தொலைத்தவர் தனியாக வந்தால் திறக்க மாட்டார்கள். கூடவே அக்கம்பக்கத்தார் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். இது இவர் வீட்டுப் பூட்டுதான் என்று அந்த இரண்டாவது ஆள் நின்று சொல்ல வேண்டும். ஒரு முறை தாசில்தாரே பெட்டியோடு தனியாக வந்து நின்றார். அப்பா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து, டவாலியைக் கூட்டிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

இங்கே வந்தும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை. கிளினிக்கில் மருந்து அலமாரி சாவி காணாமல் போனபோது நர்சும் அவர் மேலதிகாரியும் நின்றார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் குடும்பம் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டபோது எதிர் வீட்டு அம்மா நின்றார். கோயில் உண்டியல் சாவியைத் தலைவர் தொலைத்தபோது கமிட்டி ஏழு பேரும் வந்து நின்றார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு அத்தனை நம்பிக்கை. தோட்டத்துக் குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள்; அந்தக் கிராணி ஆபீஸ் அலமாரியைத் திறந்த பிறகு தோட்டம் முழுக்க எனக்குத் திண்டுக்கல் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

கூடு எப்போதும் என் மோட்டாரின் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கும். நம் ஊரில் ஸ்கூட்டி என்போமே, அதற்கு இங்கே மோட்டார் என்று பேர். மழைக்கோட்டு, பாலர் பள்ளியின் கலர் பென்சில்கள், ஒரு பழைய துண்டு, அதற்குள் கூடு. இதற்கெல்லாம் சட்டம் என்று ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவின் வழக்கம்தான் உலகச் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

பாலர் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். மத்தியானம் அவளைக் கீழ் லைனில் இருந்த அவள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். கடைசி வீட்டைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அக்கா, மணி என்னா?”

ஒன்றரை என்று சொல்லிவிட்டு இரண்டடி நடந்தேன். பிறகுதான் கதவைப் பார்த்தேன். வெளியே பூட்டு தொங்கியது. நல்ல கனமான சீனத்துப் பூட்டு. பின்பக்கம் வழி இருக்கும் என்று நினைத்துச் சுற்றிப் போனேன். பின்கதவில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. பூட்டுக்காரர் வீட்டில் பிறந்து பூட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். பூட்டிய வீட்டுக்குள் ஆளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவள் பெயர் பவானி. முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. புருஷன் குமரேசன் லோரி ஓட்டுபவர். மத்தியானம் திரிங்காப்புக்குப் போய்த் தோட்டங்களில் காய்கறி ஏற்றி, சாயங்காலம் கோலாலம்பூருக்கு இறங்கி, விடியும்போது திரும்புவார். போகும்போது பூட்டிவிட்டுப் போவார். கேட்டால் பாதுகாப்புக்கு என்பாராம். சுற்றிலும் வெளிநாட்டு ஆட்கள் வேலை செய்கிறார்களாம். கைத்தொலைபேசி எதற்கு, பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று அதையும் எடுத்துக்கொண்டாராம். எட்டு மாதமாக இப்படி. லைனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

நான்தானே கிராணி ஆபீஸ் அலமாரியைத் திறந்தவள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதையும் திறக்க முடியுமா என்றாள். முடியும், ஆனால் சாட்சி இல்லாமல் நான் பூட்டைத் தொடுவதில்லை என்றேன். சொல்லும்போதே அபத்தமாக இருந்தது. ஆனாலும் நாக்கு பழக்கப்பட்டதைத்தான் சொல்கிறது.

“நான் இருக்கேன்லக்கா,” என்றாள் ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து. “நான் சாட்சி இல்லியா?”

பூட்டு குமரேசனுடையது. உள்ளே நின்று பேசுகிறவள் யாருடையவள்? அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுகூட நான் யோசிக்கவில்லை. மோட்டாரிலிருந்து கூட்டை எடுத்துவந்தேன். இரண்டு நிமிடத்தில் பூட்டு திறந்தது.

அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். எப்படிப் பூட்டியிருந்ததோ அப்படியே திரும்பப் பூட்டிவிட வேண்டும். போலீசுக்குப் போகலாம் என்றேன், இந்த வீட்டை விட்டுப் போய்விடு என்றேன். போவதற்கு இடம் வேண்டும் அக்கா என்று மட்டும் சொன்னாள். என் போனில் தெலுக் இந்தானில் இருக்கும் அவள் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்துப் பேசுகிறவள் அழுவாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அழவில்லை. உன் கோழிகள் எத்தனை முட்டை வைக்கின்றன என்று விசாரித்தாள். பிறகு தேயிலைச் சரிவின் ஓரம்வரை நடந்துபோய் நின்றுவிட்டு, தானாகவே வீட்டுக்குள் போய், பூட்டுங்க அக்கா என்றாள்.

ஒருத்தியை உள்ளே வைத்து என் கையால் பூட்டை அழுத்தினேன். அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கூடவே வந்தது.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரம் மூன்று முறை போனேன். இரண்டு மாதம் இப்படி நடந்தது. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவர் நல்லவர்தான், ஆனால் ஆலையில் பத்துப் பேரோடு டீ குடிக்கிறவர்.

4

அன்றைக்கும் பவானி வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ரிங்லெட் பக்கம் போகும் சாலையில் சோதனை போட்டிருந்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடுகிற வழக்கமான சோதனைதான். நீல அட்டைக்காரர்களைக் கையசைத்து விட்டார்கள். என் சிவப்பு அட்டையைப் பார்த்ததும் ஓரம் கட்டச் சொல்லி, மோட்டாரின் சீட்டைத் திறக்கச் சொன்னார்கள்.

மலாய்க்கார இளம் அதிகாரி ஒருவர் துண்டை விரித்துக் கூட்டைத் திறந்தார். இது எதற்கு என்று மலாயில் மரியாதையாகத்தான் கேட்டார். நான் இருபத்திரண்டு வருடம் கற்ற மலாயில், ஒரு தப்பும் இல்லாமல், பெருமையோடு பதில் சொன்னேன்.

“புக்கா பிந்து ரூமா ஓராங்.”

பிறத்தியார் வீட்டுக் கதவைத் திறக்க என்று அர்த்தம். போலீஸ்காரரிடம் இப்படி ஒரு பதிலைத் திண்டுக்கல் பூட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள்தான் சொல்வாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, எந்தப் பூட்டாக இருந்தாலும் திறப்பேன் என்று வேறு சேர்த்துச் சொன்னேன்.

கூட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டார்கள். மோட்டாரை ஒருவர் ஓட்டி வந்தார். என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பாலர் பள்ளிப் பிள்ளையின் தாய் ஒருத்தி சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள், என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, பாதியில் கீழே போட்டாள்.

5

காவல் நிலையத்தில் சார்ஜன் தமிழர். ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருக்கிறார், வரும்வரை உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். வைத்திருந்தது அவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்டேன்.

“வச்சிருக்கிறது குத்தம்னு சொல்லலம்மா. எதுக்கு வச்சிருக்கீங்கன்னு சரியா காரணம் சொல்ல முடியலன்னா குத்தம். அந்தக் காரணத்த நீங்கதான் காட்டணும். நாங்க தேடிக்கிட்டு இருக்க மாட்டோம்லா.”

வீட்டுக்காரரும் யாழினியும் வந்தார்கள். அவள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அவர் ஆலை எண்ணெய்க் கையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார். யாழினி உட்காரவில்லை. போனை எடுத்து ஒவ்வொரு நாடாகத் தேட ஆரம்பித்தாள். அவளுக்கு அதிர்ச்சி வந்தால் தேடுவாள்.

அவள் வாசித்ததை அப்படியே தருகிறேன். நான் வக்கீல் இல்லை. உங்களுக்குத் தேவைப்பட்டால் நல்ல வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் வீட்டில் வைத்திருக்கலாம், எடுத்துக்கொண்டு வெளியேயும் போகலாம். ஆனால் திருடும் எண்ணத்தோடு எடுத்துப் போனால் குற்றம், அந்த எண்ணத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பெரும்பாலான இடங்களில் கம்பி வெறும் கம்பிதான். சில மாநிலங்களில் மட்டும் கையில் இருப்பதே கெட்ட எண்ணத்துக்கு அடையாளம், இல்லையென்று நாம்தான் காட்ட வேண்டும். நான் பிறந்த நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் அவளுக்கு அகப்படவில்லை. இருட்டிய பிறகு வீடு உடைக்கும் சாமானோடு காரணமில்லாமல் திரிந்தால் பிடிக்கலாம் என்று சில மாநிலப் போலீஸ் சட்டங்களில் இருக்கிறதாம். ஜப்பானில்தான் மோசம். தொழில்காரர் என்ற மாதிரி நியாயம் ஏதும் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம்.

கேட்டுக்கொண்டே வந்தவளுக்குத் தலை சுற்றியது. ஒரே இரண்டு கம்பிகள். ஓர் எல்லைக்கு இந்தப் பக்கம் கல்யாணச் சீர், அந்தப் பக்கம் ஜெயில். அப்பா மட்டும் ஜப்பானில் பிறந்திருந்தால் எங்கள் தெருவே உள்ளே போயிருக்கும். இதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன். யாழினி சிரிக்கவில்லை. போனை அணைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

“மா, உண்மைய சொல்லுங்க. யாரு வீட்டுலயாவது எதாச்சும் எடுத்தீங்களா?”

ஜீப்பில் ஏற்றியது ஒரு பொருட்டே இல்லை. இந்தக் கேள்விதான் தைத்தது. நான் பெற்று, நான் பாலூட்டி, நான் தலை சீவிவிட்ட பெண். எப்போது என்னிடமிருந்து இவ்வளவு தூரம் போனாள், நான் எந்த வேலையில் மும்முரமாக இருந்தபோது போனாள் என்று தெரியவில்லை. அறைய வேண்டும் போலவும் இருந்தது, அவள் மடியில் விழுந்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் இன்றைக்கு எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள். அதற்கு நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

6

சார்ஜன் தாளும் பேனாவுமாகக் கூப்பிட்டார். எங்கெங்கே பூட்டுத் திறந்தேன் என்று கேட்டார். கிளினிக், ஆசிரியர் வீடு, கோயில் உண்டியல், கிராணி ஆபீஸ் என்று வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நின்ற சாட்சி யார் என்றும் சொன்னேன். உண்டியலுக்கு ஏழு பேர் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் நல்ல காரணம்தான், எல்லாரையும் போனில் கேட்டால் முடிந்தது என்று தைரியம் சொன்னார். பிறகு பேனாவை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

“சரி, இன்னிக்கு யாரு கூப்பிட்டாங்க?”

அந்த ஒரு வரிக்குத்தான் என்னிடம் சாட்சி இல்லை. சொல்லலாம். சொன்னால் குமரேசனுக்குப் போன் போகும். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று இவர்களும் இரண்டு வார்த்தை புத்தி சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். லைனில் அத்தனை பேரும் அதைத்தானே செய்தார்கள்? பிறகு அவர் வீட்டுக்குப் போவார். அவள் உள்ளே இருப்பாள். நான் திறக்க முடியாத பூட்டாகப் பார்த்து வாங்கிப் போடுவார்.

சொல்லாவிட்டால் என் கதை தெரிந்ததுதான். குடியுரிமைக் கோப்பு புத்ராஜெயாவில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அதன்மேல் ஒரு போலீஸ் வழக்கு போய் உட்காரும். இருபத்திரண்டு வருடம் வரிசையில் நின்றவள் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிவப்பு அட்டையும் கூட நிற்குமா என்று யாருக்குத் தெரியும்?

சொல்ல முடியாது சார்ஜன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று முறை மாற்றி மாற்றிக் கேட்டார். யாரையாவது காப்பாற்றுகிறீர்களா என்றுகூடக் கேட்டார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்றே கால். ஒன்றரைக்கு வருவதாகச் சொன்ன அக்காவைக் காணோமே என்று அவள் ஜன்னலில் நின்றுகொண்டிருப்பாள்.

இப்படி இருந்தா நான் ஒன்னும் பண்ண முடியாதும்மா என்று சொல்லி, இன்ஸ்பெக்டருக்குப் போன் போட எழுந்தார்.

7

நாலு மணிக்கு மழை வலுத்தது. ஒரு மோட்டார் வந்து நின்றது. ஓட்டி வந்தது கீழ் லைனில் பவானிக்குப் பக்கத்து வீட்டு அம்மா. பின்னாலிருந்து இறங்கி வந்தவள் பவானி. முழுக்க நனைந்திருந்தாள். மார்போடு ஒரு மார்க்கெட் பையை அணைத்திருந்தாள்.

பஸ்ஸுக்கு நின்றவள் சொன்ன செய்தி கீழ் லைன் வரைக்கும் போயிருக்கிறது. கம்பி வைத்திருந்ததற்காகத் திண்டுக்கல் அக்காவைப் பிடித்துவிட்டார்களாம் என்று பக்கத்து வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பவானிக்குச் சொல்லியிருக்கிறார். பத்து மாதம் பேசாமல் இருந்த அம்மா. அன்றைக்குத்தான் பேசினார், பேசியதோடு மோட்டாரையும் எடுத்தார்.

பவானி நேராக சார்ஜன் மேசைக்குப் போய்ப் பையிலிருந்ததை எடுத்து வைத்தாள். கொண்டி, நாதாங்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்தச் சீனத்துப் பூட்டு. பூட்டு பூட்டியபடியே இருந்தது. கதவு மட்டும்தான் இல்லை.

கொண்டியையும் நாதாங்கியையும் கதவோடும் நிலையோடும் பிடித்திருந்த போல்ட்டுகளின் நட்டுகள் உள்பக்கம் இருந்திருக்கின்றன. புருஷனின் லோரி ஸ்பானரை வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள். இருபது முறை அந்தக் கதவைத் திறந்திருப்பேன், பூட்டுக்காரர் மகள், எனக்கு இது தெரியாது. நான் எப்போதும் வெளியேதானே நின்றேன்.

முன்னமே தெரியுமா என்று கேட்டேன்.

“மொத நாளே தெரியும்கா. கழட்டுனா ஒத்த ஆளா திரும்ப மாட்ட முடியாது, அவருக்குத் தெரிஞ்சிடும். இன்னிக்கு தெரிஞ்சா தெரியட்டும்.”

பிறகு சார்ஜன் பக்கம் திரும்பி, இந்த அக்கா இன்றைக்கு வந்தது என் வீட்டுக்கு, கூப்பிட்டது நான் என்றாள். பூட்டிக் கிடந்த பத்து மாதத்தையும் சொன்னாள். குரல் உயரவே இல்லை. யாழினி எழுந்து நின்றுவிட்டாள். சார்ஜன் பூட்டைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்து என் கண்ணாடிக் கூட்டை மேசையின்மேல் என் பக்கமாகத் தள்ளினார்.

“திறங்கம்மா, பாப்போம்.”

ஒரு மணி நேரத்துக்கு முன் எந்தக் கம்பிக்குக் காரணம் கேட்டார்களோ அதே கம்பியைப் போலீஸ் மேசையிலேயே கையில் எடுத்தேன். பவானி என் கையின்மேல் அவள் ஈரக் கையை வைத்தாள்.

“வேணாம்கா. பூட்டுனவரே வந்து திறக்கட்டும்.”

சார்ஜன் அவளிடம் எண் கேட்டுக் குமரேசனுக்குப் போன் போட்டார். உங்கள் வீட்டுப் பூட்டு ஒன்று இங்கே வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

திரிங்காப்பிலிருந்து குமரேசன் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முட்டைக்கோஸ் இலை ஒட்டிய பூட்ஸோடு, வீட்டில் திருட்டுப் போய்விட்டது என்ற பதற்றத்தோடு நுழைந்தார். வாசலுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியை அவர் பார்க்கவே இல்லை. கண் மேசையில் இருந்தது. உங்கள் பூட்டா என்று சார்ஜன் கேட்டார். என்னோடதுதான் என்றார். சாவி இருக்கிறதா என்று சார்ஜன் கேட்டார். குமரேசன் சட்டைப் பையிலிருந்து கொத்தை எடுத்து, ஒன்றும் கேட்காமல், தினமும் செய்கிற வேலையைச் செய்வது மாதிரி, சாவியைப் போட்டுத் திருகித் திறந்தார்.

சார்ஜன் தாளை இழுத்துப் பேனாவை எடுத்தார்.

“கடைசியா இத பூட்டுனப்ப, வீட்டுக்குள்ள யாரு இருந்தா?”

குமரேசனின் கை சாவியிலேயே நின்றது.

“நான் இருந்தேன்,” என்றாள் பவானி பின்னாலிருந்து.

அன்று சாயங்காலம் என்னை வழக்கு இல்லாமல் விட்டார்கள். கம்பிகள் திரும்பி வரவில்லை. குமரேசன்மேல் போட்ட வழக்கு முடிகிறவரை அவை பூட்டோடு ஒரே பையில் இருக்குமாம். ஆறு மாதம் கழித்து என் குடியுரிமை மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. என்னிடம் அத்தனை காரணம் கேட்ட நாடு, தன் காரணத்தைச் சொல்லவில்லை. இரண்டு நாள் அழுதேன். கடிதத்தை மடித்து வைத்து, புதுப் படிவத்தை வாங்கிவந்தது யாழினி. காரணத்துக்கான இரண்டு கோட்டை மலாயில் எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

‘ஆம்’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் என்னை நன்றாக அறிந்த இரண்டு குடிமக்களின் பெயர் கேட்கிறார்கள். நீல அட்டைக்காரர்களாக இருக்க வேண்டும். ஒன்று பாலர் பள்ளித் தலைமையாசிரியை. இன்னொன்றுக்கு இன்று காலை தெலுக் இந்தானுக்குப் போன் போட்டு, இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கும் பவானியிடம் கேட்டேன். இதற்குப் போய்க் கேட்கிறீர்களே அக்கா, நான்தானே உங்கள் சாட்சி என்றாள்.